மேக்கில் ரெவிட் ஓடுமா?

சென்னைக் கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலில் பரனூரில் இறங்கினால் மகேந்திரா வேர்ல்டு சிட்டி. தைவானின் பெகாட்ரான் நிறுவனம் 2022 செப்டம்பரில் அங்கே தொழிற்சாலை திறந்து ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதன் இந்தியப் பிரிவின் 60 சதவீதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது. அதே தண்டவாளத்தில் தாம்பரம் பக்கமாக நாலாவது ஸ்டேஷன் பொத்தேரி, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டமாக இறங்கும் இடம். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆப்பிள் ஒன்றும் அந்நியமில்லை. ஆனாலும் லட்ச ரூபாய் கொடுத்து மேக்புக் வாங்கிய கட்டடக்கலை மாணவர், இரண்டாம் ஆண்டில் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறார்: "இதுல ரெவிட் ஓடுமா?"

"எங்கள் ஆதரவு கிடையாது" என்கிறது ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க். "ஓடும் மச்சான், நான் ஓட்டுறேனே" என்கிறார் ஹாஸ்டல் சீனியர். இருவருமே பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., வண்டலூரில் கிரசென்ட், படூரில் இந்துஸ்தான், கடலோரத்தில் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக் கல்லூரி என்று கட்டடம் வரையக் கற்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. முதல் ஆண்டில் பெரும்பாலும் கைவேலைதான்: டி-ஸ்கொயர், பட்டர் பேப்பர், நெளிந்த கோட்டுக்கு வாங்கும் திட்டு, தெர்மகோலும் ஃபோம் போர்டுமாக மாடல். அப்போது கணினியின் வேலை யூடியூப் பார்ப்பதும் போட்டோஷாப்பில் தாள் அலங்கரிப்பதும்தான். அதற்கு மேக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. திரை அழகு, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், பையில் கனம் தெரியாது. சேர்க்கை கிடைத்த மகிழ்ச்சியில் அப்பா வாங்கித்தந்தது. ஸ்டூடியோவில் "பிளான், செக்ஷன், எலிவேஷன் எல்லாம் ரெவிட்டில் கொண்டுவாங்க" என்று சொல்லும் நாள் வரும்போது, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலம் எப்போதோ முடிந்திருக்கும்.

மேக்கை விட்டுப் போனவர்கள், வந்தவர்கள்

வடிவமைப்பு மென்பொருள் எல்லாமே விண்டோஸுக்குப் பிறந்தது என்று நினைப்பது தவறு. பேஜ்மேக்கர் 1985இல் முதலில் மேக்குக்குத்தான் வந்தது. 1990இல் வெளியான போட்டோஷாப்பின் முதல் பதிப்பும் மேக்குக்கு மட்டுமே. கட்டடக்கலையிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த ஹங்கேரியில், 1982இல் புடாபெஸ்ட் நகரில் காபோர் போயார் தொடங்கிய கிராபிசாஃப்ட் நிறுவனம் ஆப்பிளின் லிசா கணினிக்காக எழுதிய நிரல்தான் பின்னர் ஆர்ச்சிகேட் ஆனது. இன்றும் அது மேக்கில் இயல்பாக ஓடுகிறது, மாணவர்களுக்கு இலவசம். ரெவிட் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஆனால் நம் ஊரில் ஆர்ச்சிகேட் தெரியும் என்று சொல்லி வேலை தேடுகிறவர் நிறைய விளக்கம் சொல்லவேண்டியிருக்கும்.

1982 டிசம்பரில் வந்த ஆட்டோகேட் வேறு வகை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேக்குக்கும் ஒரு பதிப்பு இருந்தது. பிறகு ஆட்டோடெஸ்க் அதைக் கைவிட்டது. 2010இல் மீண்டும் கொண்டுவந்தது. 2024 பதிப்பு முதல் ஆப்பிளின் புதிய சில்லுகளில் நேரடியாகவே ஓடுகிறது. ஆக, 'ஆட்டோகேட் மட்டும் போதும்' என்ற மாணவருக்குக் கவலையில்லை. சில கருவித்தொகுப்புகளும் விபிஏ நிரல்களும் மேக் பதிப்பில் இல்லை. கல்லூரி அளவில் பலருக்கு அவை இல்லாத குறை தெரியாது.

ரெவிட் கதை வேறு. 2000 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டே ஆண்டில் ஆட்டோடெஸ்க் 13.3 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. தொடக்கம் முதல் இன்றுவரை விண்டோஸ் மட்டும்தான். சுவர், கதவு, தூண் என்று ஒவ்வொன்றையும் பொருளாகவே வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் சன்னலை நகர்த்தினால் பிளான், செக்ஷன், பொருள்பட்டியல் அத்தனையையும் அதுவே திருத்திவிடும். இந்த வசதியால் பெரிய கட்டுமான அலுவலகங்கள் அதற்குள் குடியேறிவிட்டன. குடியேறியவர்களுக்கும் நிம்மதி இல்லை என்பது தனிக்கதை. 2020 ஜூலையில் ஸஹா ஹடீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா உள்ளிட்ட பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை அலுவலகங்கள், "விலை ஏறுகிறது, ரெவிட் முன்னேறவில்லை" என்று ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. உலகப் புகழ்பெற்ற அலுவலகங்களின் கதியே இது என்றால், பொத்தேரி மாணவருக்காக மேக் பதிப்பு வருமென்று காத்திருப்பதில் பொருளில்லை.

த்ரீடிஎஸ் மேக்ஸ், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கட்டமைப்புப் பொறியாளர்களின் ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ், அனிமேஷனோடு கட்டடத்தைக் காட்டும் லூமியான் ஆகியவையும் விண்டோஸ் கட்சிதான். எதிர்ப்பக்கத்தில் ஸ்கெட்ச்அப், ரைனோ, பிளெண்டர், டுவின்மோஷன், அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாம் மேக்கில் நன்றாகவே ஓடுகின்றன.

ஒரு சில்லு மாறியது

2006 முதல் 2020 வரை 'ரெவிட் ஓடுமா?' என்ற கேள்விக்கே இடமில்லை. ஆப்பிள் இன்டெல் சில்லுக்கு மாறிய கையோடு, 2006 ஏப்ரலில் பூட் கேம்ப் என்ற வசதியைக் கொடுத்தது. மேக்கின் வட்டைப் பிரித்து ஒரு பகுதியில் விண்டோஸைப் போட்டுவிடலாம். திறக்கும்போதே எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸில் நுழைந்துவிட்டால் அது முழு விண்டோஸ் கணினிதான். ரெவிட் உட்பட எல்லாம் ஓடின. அந்தக் காலத்தில் படித்து முடித்த சீனியர்கள் இன்னும் "பூட் கேம்ப் போட்டுக்கடா" என்று அறிவுரை சொல்வது இதனால்தான்.

2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சில்லு வந்தது. அதிலிருந்து பூட் கேம்ப் இல்லை. இன்டெலும் ஏஎம்டியும் பேசுவது எக்ஸ்86 என்ற கட்டளை மொழி. ஆப்பிள் சில்லு பேசுவது செல்போன்களில் இருக்கும் ஆர்ம் வகை மொழி. விண்டோஸின் ஆர்ம் பதிப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் ரெவிட் எக்ஸ்86க்காகவே எழுதப்பட்டது. எனவே மேக்குக்குள் ஒரு மெய்நிகர் கணினி, அதற்குள் ஆர்ம் விண்டோஸ், அதற்குள் எக்ஸ்86 கட்டளைகளை ஆர்முக்கு மாற்றும் பிரிசம் என்ற அடுக்கு, அதற்கும் மேல் ரெவிட். கோர்ட்டில் சாட்சி சொல்வதை ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்துச் சொல்வது மாதிரி. வேலை நடக்கும், நேரம் பிடிக்கும்.

மொழிபெயர்க்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது. கணினியின் வேர் வரை இறங்கி வேலை செய்யும் டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருந்தாக வேண்டும். பழைய மென்பொருள்களோடு வரும் யூ.எஸ்.பி. பூட்டு, அதாவது டாங்கிள், பல நேரம் இங்கேதான் காலை வாரும்.

ஸ்லைடரை எங்கே நிறுத்துவது?

சீனியர் "ஓட்டுறேனே" என்று சொன்னாரே, அவர் என்ன செய்திருக்கிறார் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

அனேகமாக பேரலல்ஸ் டெஸ்க்டாப். ஆப்பிள் சில்லு மேக்குகளில் விண்டோஸ் 11 ஆர்மை ஓட்ட 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கொடுத்தது. ஆண்டுச் சந்தா, மாணவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. நிறுவுவது எளிது. பொத்தானை அழுத்தினால் அதுவே விண்டோஸைப் பதிவிறக்கி ஏற்றிவிடும். ஹாஸ்டல் வைஃபை ஒத்துழைத்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேக் திரையில் விண்டோஸ் சிரிக்கும். விண்டோஸுக்கான உரிமத்தைத் தனியாகப் பெறவேண்டும். பல கல்லூரிகள் மைக்ரோசாஃப்டின் கல்வித் திட்டத்தில் இருப்பதால் முதலில் துறை அலுவலகத்தில் கேட்பது நல்லது. ரெவிட்டுக்கோ ஆட்டோகேட்டுக்கோ பணமே தேவையில்லை. கல்லூரி அடையாளத்தைக் காட்டினால் ஆட்டோடெஸ்க் ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது, ஒவ்வோராண்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் பென் டிரைவில் 'கிராக்' வாங்கி வைரஸையும் சேர்த்து ஏற்றிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து வருவது நினைவக ஸ்லைடர். 16 ஜி.பி. ரேம் உள்ள மேக்கில் விண்டோஸுக்கு எவ்வளவு கொடுப்பது? மேக்கும் உயிரோடு இருக்க வேண்டுமே. பாதிக்குப் பாதி என்று 8 ஜி.பி.யில் நிறுத்துவார்கள். பேரலல்ஸின் சாதாரண பதிப்பில் அதற்கு மேல் கொடுக்கவும் முடியாது. ஆனால் ரெவிட்டின் அண்மைப் பதிப்புகள் குறைந்தபட்சமாகக் கேட்பதே 16 ஜி.பி. இரண்டு மாடி வீடு என்றால் சமாளித்துவிடும். நாலு பேர் சேர்ந்து செய்யும் மருத்துவமனைத் திட்டத்தில், கட்டமைப்புக் கோப்பும் மின்சாரக் கோப்பும் இணைந்து நிற்கும்போது 3டி காட்சியைச் சுழற்றிப் பாருங்கள். படம் வருவதற்குள் பக்கத்து அறை நண்பர் அடுத்த தாளுக்குப் போயிருப்பார்.

வட்டிலும் இடம் போகும். ரெவிட் மட்டுமே 30 ஜி.பி. காலியிடம் கேட்கும். அதோடு விண்டோஸ், மேக்கின் சொந்தப் பாரம் எல்லாம் சேர்ந்தால் 256 ஜி.பி. மேக்புக் ஏர் முதல் செமஸ்டரிலேயே மூச்சு வாங்கும். ஏர் மாடலில் காற்றாடியும் இல்லை. அதிக நேரம் கசக்கினால் சூட்டைத் தணிக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், இரவு முழுக்க ரெண்டர் போடும் மாணவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஜூரி மதிப்பீட்டுக்கு முந்தைய இரவில் கழுத்தை அறுக்கும். ஆட்டோகேட்டில் நேர்க்கோட்டுக்கு எஃப்8, புள்ளியைப் பிடிக்க எஃப்3 அழுத்திப் பழகிய விரல், மேக் விசைப்பலகையில் எஃப்8ஐ அழுத்தினால் பாட்டு நின்றுபோகும். கூடவே எஃப்என் விசையையும் பிடிக்க வேண்டும். ரெவிட்டில் படத்தை நகர்த்தவும் சுழற்றவும் மவுஸின் நடுச்சக்கரம் வேண்டும். டிராக்பேடால் அதைச் செய்ய முயல்பவர் மணிக்கட்டு வலியோடு படுப்பார். சாதாரண சக்கர மவுஸ் ஒன்று போதும். இன்னொன்று: பேரலல்ஸ், மேக்கின் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் விண்டோஸுக்குள்ளும் காட்டும். அது உண்மையில் நெட்வொர்க் வழியாக வரும் கோப்புறை. ரெவிட் கோப்பை அங்கே வைத்துத் திறந்தால் சேமிக்கும்போது தகராறு செய்யும். விண்டோஸின் சி டிரைவுக்குள்ளேயே கோப்பை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நகலெடுப்பதே பாதுகாப்பு.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு விஎம்வேர் ஃபியூஷன் உண்டு. 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். 3டி வேகத்தில் பேரலல்ஸ் அளவுக்கு வராது. யூடிஎம் என்ற இலவச மென்பொருளும் உண்டு, ஆனால் அதில் ஓடும் விண்டோஸுக்கு முப்பரிமாண முடுக்கம் சரியாகக் கிடைக்காது, ரெவிட்டுக்கு உதவாது. விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் கிராஸ்ஓவர், சிறிய கருவிகளுக்கு நல்லது. ரெவிட் அளவு பெரியவற்றுக்கு நம்பக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நடைமுறைக்கு உகந்த வழி ஒன்று உண்டு, அதைப் பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்: வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ இருக்கும் விண்டோஸ் டெஸ்க்டாப்பை இணையம் வழியாக மேக்கிலிருந்து இயக்குவது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆப் என்று கருவிகள் இருக்கின்றன. கனமான வேலை அங்கே நடக்கும், மேக் வெறும் திரைதான். வீட்டில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். ஆய்வகம் என்றால் துறைத் தலைவர் அனுமதிக்க வேண்டும். இரண்டில் எது கடினம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

மாமல்லபுரத்தில் வேறு பதில்

காட்டாங்குளத்தூரிலிருந்து கடற்கரைக்கு வந்தால் விவாதமே மாறிவிடுகிறது.

கட்டடக்கலை மாணவர்கள் ஐந்து ரதங்களுக்கு வருவது சுற்றுலாவுக்கு மட்டுமல்ல, அளந்து வரையவும்தான். தர்மராஜ ரதத்தின் அடுக்கு விமானம், திரௌபதி ரதத்தின் குடிசைக் கூரை, பீம ரதத்தின் நீண்ட சாலைக் கூரை, யானையின் பின்புறம்போல், தூங்கானை மாடமாக வளைந்த நகுல சகாதேவ ரதம் என ஒரே இடத்தில் பல பாணிகள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர்கள் பாறையிலிருந்து குடைந்தெடுத்தவை; 1984 முதல் உலக மரபுச் சின்னம். இவற்றை ரெவிட்டில் வரைய உட்கார்ந்தவர் பாவம். சுவர், கதவு, தளம் என்று நினைத்து உருவான மென்பொருளுக்குச் சுவரும் கூரையும் சிற்பமும் ஒரே கல்லாக இருக்கும் கட்டடம் புரிவதில்லை. தூங்கானை மாடத்தின் வளைவுக்கு ரைனோவோ பிளெண்டரோதான் சரி. ரைனோ 2015இலிருந்து மேக்கில் இருக்கிறது. பிளெண்டர் இலவசம், 2021இல் ஆப்பிளே அதன் வளர்ச்சி நிதியில் சேர்ந்தது, அடுத்த ஆண்டே மேக்கின் கிராபிக்ஸ் சில்லைப் பயன்படுத்தும் பிளெண்டர் வந்துவிட்டது.

புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் போட்டோகிராமெட்ரியிலும் இதே பிரிவினை. முக்காலி நிறுத்தித் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்கும் சிரமமில்லாமல், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஒரு சிற்பத்தைச் சுற்றி வந்து ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால் போதும். அந்தப் படங்களைக் கோத்து உருவமாக்க ரியாலிட்டி கேப்சருக்கு விண்டோஸும் என்விடியா கிராபிக்ஸ் அட்டையும் வேண்டும். மேக்கில் என்விடியாவுக்கு வழியே இல்லை. ஆனால் மெட்டாஷேப் இரண்டிலும் ஓடும். ஆப்பிளும் 2021இல் ஆப்ஜெக்ட் கேப்சர் என்ற வசதியை மேக் இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. கற்சிற்பத்தின் மடிப்பையும் உளித்தடத்தையும் பதிவுசெய்ய வந்த மாணவருக்கு மேக் குறைந்ததல்ல.

ஈ.சி.ஆர். ஓரத்தில் இருக்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக் கல்லூரி 1957இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக 27 ஆண்டுகள் இருந்தார். மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்.கும், கல், சுதை, உலோகம், மரம் என்று சிற்பக்கலையில் பட்டமும் அங்கே படிக்கலாம். தாலம், அங்குலம் என்ற அளவுகளில் உருவத்தைப் பகுத்து வரைவதுதான் அந்தப் படிப்பின் அடிப்படை. அதற்கு எந்தச் சில்லும் தேவையில்லை. ஆனால் படித்து முடித்து வெளியே வந்தால் சந்தையில் எந்திரம் நிற்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே காலத்தில் ஊருக்கு ஊர் கதவு செதுக்கும் சி.என்.சி. பட்டறைகள் முளைத்தன. கஜலட்சுமியும் கொடியும் போட்ட நிலைக்கதவை மரத்தில் அறுத்தெடுக்கும் அந்த எந்திரங்களுக்குப் புடைப்புருவம் தயாரிக்கும் பிரபலமான மென்பொருள் ஆர்ட்கேம். பிரிட்டனின் டெல்கேம் உருவாக்கியது. 2014இல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போனது, 2018இல் நிறுத்தப்பட்டது, கார்வெகோ என்ற பெயரில் வேறொரு நிறுவனம் தொடர்கிறது. பழைய ஆர்ட்கேமும் புதிய கார்வெகோவும் விண்டோஸுக்கு மட்டும்.

ஆனாலும் இங்கே மேக் வைத்திருப்பவர் தோற்றுப்போவதில்லை. பட்டறைக்காரருக்கு வேண்டியது எஸ்.டி.எல். கோப்பு. அதை பிளெண்டரில் செதுக்கிக் கொடுத்தால், எந்திரம் போகவேண்டிய பாதையை அவரே தன் கணினியில் போட்டுக்கொள்வார். எந்த மென்பொருளில் செய்தாய் என்று கேட்கமாட்டார். கூட்டு வேலையில் கோப்பின் வகைதான் முக்கியம். ஆட்டோகேட்டின் டி.டபிள்யு.ஜி. பெரும்பாலும் போய்ச்சேரும். கட்டடத் தகவலுக்கு ஐ.எஃப்.சி. என்ற பொதுவடிவம் இருக்கிறது. ரெவிட்டின் சொந்தக் கோப்பு மட்டும் பிடிவாதக்காரன்: 2025 பதிப்பில் சேமித்ததை 2024 திறக்காது. குழுவில் நாலு பேரும் ஒரே ஆண்டுப் பதிப்பில் இருக்கிறார்களா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளாத குழுக்கள் சமர்ப்பிப்புக்கு முந்தைய நாள் சண்டைபோடுகின்றன. இதில் மேக்கின் தவறு எதுவுமில்லை.

தமிழ் எழுத்து விஷயத்தில் நிலைமை தலைகீழ். என்.எச்.எம். ரைட்டர், அழகி என்று பழகிய கருவிகள் விண்டோஸுக்கானவை. ஃப்ளெக்ஸ் கடையில் கோரல்டிராவோடு பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர் மேக்கில் உட்கார்ந்தால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஆனால் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் மேக்கில் உள்ளிருந்தே வருகின்றன. தமிழ்99உம் அப்படியே. யூனிகோடில் அடிக்க எதையும் நிறுவவேண்டியதில்லை. கோரல்டிராவும் நீண்ட இடைவெளிக்குப் பின் 2019இல் மேக்குக்குத் திரும்பிவிட்டது.

16-க்கு எட்டாத இரண்டு எட்டுகள்

2025 மார்ச்சில் எம்4 சில்லுடன் வந்த மேக்புக் ஏரின் அறிமுக விலை 99,900 ரூபாயாக இருந்தது. மாணவர் சலுகையில் அப்போது 89,900. பேரலல்ஸ், விண்டோஸ் உரிமம், வெளி எஸ்.எஸ்.டி., மவுஸ் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு என்விடியா அட்டை வைத்த விண்டோஸ் மடிக்கணினி கிடைக்கும். அது கனம், சார்ஜர் ஒரு செங்கல், மின்சார ரயிலில் தூக்கிக்கொண்டு போவது தோளுக்குத் தண்டனை, பேட்டரி மதியத்துக்குள் படுத்துவிடும். ஆனால் ரெவிட்டும் லூமியானும் யாரையும் கெஞ்சாமல் திறக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதற்காக அரசு நிறுவனமான எல்காட் கோரிய மடிக்கணினியில் 8 ஜி.பி. ரேம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது பெரிய வரம்; படிக்க, எழுத, ஆட்டோகேட்டில் இருபரிமாணப் படம் போடப் போதும். ரெவிட்டுக்குப் போதாது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் மேக்குக்குள் விண்டோஸுக்குக் கிடைப்பதும் 8 ஜி.பி.தான், அரசுக் கல்லூரி மாணவரின் கையில் இருப்பதும் 8 ஜி.பி.தான் என்பது இந்தக் கதையின் விநோதம். இருவருமே கடைசியில் ஆய்வகக் கதவு திறக்கக் காத்திருக்கிறார்கள். வித்தியாசம், ஒருவர் அதற்கு ஒரு லட்சம் செலவழித்திருக்கிறார்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய இன்டெல் மேக்புக் மலிவாகக் கிடைக்கிறதே, பூட் கேம்ப் போட்டுக்கொள்ளலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. பூட் கேம்ப் ஆதரிப்பது விண்டோஸ் 10 வரைதான். அதற்கான மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. மேக் பக்கத்தில், இன்டெலுக்கு வரும் கடைசி இயங்குதளம் மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிளும் சொல்லிவிட்டது. இரண்டு பக்கமும் கதவு மூடும் வீட்டை வாடகைக்குக்கூட எடுக்க வேண்டாம்.

விண்டோஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலே தப்பித்தோம் என்றும் இருந்துவிடக்கூடாது. 2024 ஜூனிலிருந்து கடைகளில் இருக்கும் ஸ்னாப்டிராகன் சில்லு மடிக்கணினிகளும் ஆர்ம் வகைதான். விண்டோஸ் இருக்கும், பேட்டரியும் நீடிக்கும். ரெவிட்டுக்கோ மேக்கில் இருக்கும் அதே மொழிபெயர்ப்புத் தொல்லை. விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கே தெரிந்திருக்காது.

ஏற்கெனவே மேக் வாங்கியவர்கள் விற்கவேண்டியதில்லை. வரைவுக்கு மேக்கின் ஆட்டோகேட், வடிவத்துக்கு ரைனோ அல்லது ஸ்கெட்ச்அப், காட்சிக்கு டுவின்மோஷன், வகுப்பு அளவு ரெவிட்டுக்கு பேரலல்ஸ், பெரிய கோப்புக்கு ஆய்வகம் என்று பிரித்துக்கொண்டால் பட்டம் வாங்கிவிடலாம். இனி வாங்கப்போகிறவர்களில் கட்டடக்கலை, சிவில், இயந்திரவியல் வடிவமைப்பு படிப்பவர்களுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லோடு, 16 ஜி.பி.க்குக் குறையாத ரேம் உள்ள விண்டோஸ் கணினிதான் சரி. சிற்பம், வரைகலை, அனிமேஷன் என்றால் தாராளமாக மேக் வாங்கலாம்.

ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஆராய்ச்சி தனித்தனியாக நடக்கவேண்டிய அவசியமே இல்லை. எந்த ஆண்டில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவ்வளவு ரேம், எந்தச் சில்லு என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டு, சேர்க்கைக் கையேட்டோடு கல்லூரிகள் கொடுத்துவிடலாம். சீருடைத் துணியின் நிறத்தையும் டிராஃப்டிங் போர்டின் அளவையும் எழுதிக்கொடுக்கத் தெரிந்த துறைகளுக்கு இது கூடுதல் வேலையல்ல. அந்தப் பக்கம் கையேட்டில் இல்லையென்றால், பெற்றோர்களே, துறையின் கணினி ஆய்வகப் பொறுப்பாளரை நேரில் பார்த்துக் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை மடிக்கணினி வாங்காதீர்கள். முதல் ஆண்டுக்கு டி-ஸ்கொயர் போதும்.